முனிர்கா டீக்கடை பெஞ்சு

முனிர்கா டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். டெல்லிக்குப் படிக்க வந்து நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். அப்பா யாருடைய வயலில் வேலை செய்கிறார் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறேன். வகுப்பில் குரல் நடுங்காமல் பேசுகிறேன்.

வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்காருகிறார். என் கையிலிருக்கும் தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு எந்த ஊரு? நமக்கு மன்னார்குடிப் பக்கம்" என்கிறார். எங்கள் ஊர்ப் பண்ணையாரின் அதே குரல், அதே இழுப்பு. நான் எழுந்து நிற்கிறேன். கழுத்திலிருந்த மப்ளர், ஊரில் அப்பாவின் துண்டு போவதுபோலவே, தானாக அக்குளுக்குப் போய்விட்டது.

"அரே பையா, வந்திருக்கிறது என்ன மந்திரியா?" என்று டீக்காரர் இந்தியில் கேலி செய்கிறார்.

பெரியவர் மப்ளரைப் பார்க்கிறார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சரி சரி, நீ உக்காரு."

ஒரு நிமிடத்துக்குள் 'தம்பி' போய் 'நீ' வந்துவிட்டது. அவரை நான் என்ன சொல்ல? எழுந்து நின்றது நான்தானே.

மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அவருக்குப் பக்கத்திலேயே உட்காருகிறேன். ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின்மேல் போடுகிறேன். அது நடுங்குகிறது. என் டீ முடியும்வரை இறக்காமல் வைத்திருக்கிறேன்.