சின்னக் கவர், பெரிய கவர்

பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சருக்கு மரியாதை உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரியாதை எல்லாம் கணக்கு டீச்சருக்குத்தான். ஆனால் தேர்தல் அறிவித்துவிட்டால் கதை மாறிவிடும். அந்த ஒரு மாதம் ஊரில் நான்தான் பெரிய ஆள். எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் ஒரே இடத்திலா உட்காருவார்கள், மாநிலங்களவைக்கு நாம் ஏன் ஓட்டுப் போடுவதில்லை, முதலமைச்சரை நேராகத் தேர்ந்தெடுக்கிறோமா இல்லையா என்று பால் வாங்கப் போன இடத்திலும் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவேன்.

என் உபதேசத்தை அதிகம் கேட்டுக் களைத்தவள் என் தோழி. பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அதற்கப்புறம் நான் பி.எட். வரைக்கும் போனேன், அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வீட்டில் ஆடுகளும் உண்டு. கோவில்பட்டிக்குக் கிழக்கே, பஸ்ஸில் அரைமணி நேரத் தூரத்தில் எங்கள் ஊர். அவளுடைய தெருவின் முனை வீடு என்னுடையது. இருவரும் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டதால் நாற்பது வயதிலும் ஒருத்தியை ஒருத்தி 'ஏட்டி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். கோபம் வந்தால் மட்டும் அவள் என்னை 'டீச்சர்' என்பாள். கூடவே 'நீங்க', 'வாங்க' என்று மரியாதையும் வரும். அவள் மரியாதை கொடுத்தால் என்ன தப்புச் செய்தேன் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அந்தத் தெரு கரிசல் தெரு. வெயிலில் வெடித்துக் கிடக்கும், கால் விரல் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு. நாலு தூறல் விழுந்தால் போதும், ஒரு எட்டுக்கு ஒரு கிலோ மண் காலோடு வரும். ஆபீஸ் வேன் உள்ளே வராது. பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து சேருவதற்குள் வேன் போய்விடும். மெயின் ரோட்டில் மட்டும் ஊராட்சி போட்ட சிமெண்ட் தளம் பளபளவென்று இருக்கும். இரண்டும் ஒரே வார்டு.

உள்ளாட்சித் தேர்தல் வந்த வருடம், ஒரு நாள் சாயங்காலம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முழங்கால் வரை சேறு.

"ஏட்டி, வார்டு மெம்பருக்கு நிக்கப் போறேன்."

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவளை உட்காரவைத்து, டெல்லியில் ஆரம்பித்தேன். மக்களவை, மாநிலங்களவை, அப்புறம் நம் சட்டமன்றம், அதில் இருநூற்று முப்பத்து நாலு பேர், முன்பு மேலவை ஒன்று இருந்தது, அதைக் கலைத்துவிட்டார்கள், அதற்குக் கீழே மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி. எல்லாவற்றுக்கும் அடியில் கிராம சபை. அதற்குத் தேர்தலே கிடையாது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீயும் உறுப்பினர், அதை யாராலும் கலைக்க முடியாது. மூச்சு வாங்கி நிறுத்தினேன். அவள் காலில் காய்ந்த சேற்றை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாஞ் சரி. இதுல எங்க தெருவுக்கு ரோடு போடுதது யாரு?"

எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி ஒரு கேள்வி கிடையாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் இல்லை. அவளுக்குப் பூட்டு சாவி கிடைத்தது. வீட்டில் இருந்த திண்டுக்கல் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள். எதிர்த்து நின்றது மெயின் ரோட்டு வத்தல் வியாபாரியின் மருமகள். குறை சொல்ல முடியாத பெண். அவர்கள் வீட்டு வாசல் வரை சிமெண்ட் தளம் இருந்ததுதான் எங்களுக்கு எரிச்சல்.

ஓட்டுப் போட ஒருவருக்கு நான்கு சீட்டு. வார்டு உறுப்பினருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிறம். எந்த நிறத்துக்கு எந்த ஆள் என்று தெரு முழுக்க வகுப்பெடுத்தேன். "டீச்சரம்மா சொல்லிக் குடுத்தா கழுத கூட ஓட்டுப் போட்டுரும்" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தேர்தல் பணி கயத்தாறு பக்கம். பணிக்குப் போகிறவர்கள் சொந்த ஊரில் ஓட்டுப் போட முடியாது, தபால் ஓட்டுத்தான். அதன் விதி எளிது. ஓட்டுச் சீட்டைச் சின்னக் கவருக்குள் வைத்து ஒட்ட வேண்டும். கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் படிவத்தைச் சின்னக் கவருக்கு வெளியே வைத்து, இரண்டையும் சேர்த்துப் பெரிய கவருக்குள் போட வேண்டும். பெரிய கவரைப் பிரிக்கும்போது படிவம் கண்ணில் பட்டால்தான் சின்னக் கவரைத் தொடுவார்கள். கடைசிப் பயிற்சி வகுப்பில் மைக்கை என் கையில் கொடுத்து இதைச் செய்துகாட்டச் சொன்னார்கள். இரண்டு கவரையும் தூக்கிப் பிடித்து, மண்டபமே பார்க்கும்படி காட்டினேன். கைதட்டல் கூட விழுந்தது. அப்புறம் ஏழெட்டுப் பேர், "மேடம், நான் போட்டது சரியா?" என்று சுற்றிக்கொண்டார்கள். எல்லாருக்கும் பார்த்துக் கொடுத்தேன். தபால் ஓட்டுப் பெட்டியை மூடப் போகிறோம் என்று குரல் வந்ததும் என்னுடையதை அவசர அவசரமாக மடித்து, ஒட்டி, போட்டுவிட்டு ஓடினேன்.

ஓட்டு எண்ணிய அன்று மத்தியானம் அவள் என் வீட்டில்தான் இருந்தாள். எண்ணும் இடத்துக்கு அவள் வீட்டுக்காரர் ஏஜென்டாகப் போயிருந்தார். போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணு போல விழுந்திருக்கு. மறுபடி எண்ணியாச்சு, அதேதான்."

"தபால் ஓட்டு?"

"நம்ம வார்டுக்கு ஒண்ணே ஒண்ணுதான். அதையும் செல்லாதுன்னுட்டாவ. பெரிய கவருக்குள்ள ஃபாரத்தக் காணோமாம். சின்னக் கவரப் பிரிக்கவே மாட்டோம்னு தூரப் போட்டுட்டாவ."

எங்கள் வார்டில் அரசு வேலையில் இருப்பது நான் ஒருத்திதான். ரகசிய வாக்கெடுப்பு என்று பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். செல்லாத ஓட்டு என்னுடையதுதான் என்ற ரகசியம் ஊருக்கே தெரிந்துபோன இடம் அது. படிவம் எங்கே போயிருக்கும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. சீட்டோடு சேர்த்து மடித்துச் சின்னக் கவருக்குள்ளேயே ஒட்டியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பல்லியை இனிமேல் நான் கேலி செய்ய முடியாது.

சம ஓட்டு வந்தால் குலுக்கல். இரண்டு பெயரையும் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தார்களாம். மறுபடி போன் வந்தது. வந்தது வத்தல் வீட்டு மருமகள் பெயர்.

அவள் அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். எழுந்து சேலையை உதறினாள்.

"சரிங்க டீச்சர். ஆட்டுக்குக் குழை போடணும், வாரேன்."

மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. எதிரே பார்த்தால், "வணக்கம் டீச்சர், சாப்பிட்டீங்களா?" என்பாள். அடி வாங்கினால்கூட அப்படி வலிக்காது. பொங்கலுக்கு வருடா வருடம் அவள் கையால் வரும் பனங்கிழங்கு அந்த வருடம் அவள் வீட்டுக்காரர் கையில் வந்தது. "டீச்சருக்குக் குடுக்கச் சொன்னா" என்று வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனார். வேக வைத்தேன், அப்படியே மூடி வைத்தேன். ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு அண்ணாச்சி, தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்து, "டீச்சரம்மா, இந்தக் கவர ஒட்டவா, அப்படியே விட்டுரவா?" என்று கேட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் அன்றைக்கு அவர் தலையில் எதையாவது போடலாம் என்று இருந்தது.

குடியரசு தினத்தன்று பள்ளியில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துவிட்டு ஊராட்சிக் கூடத்தில் நடந்த கிராம சபைக்குப் போனேன். முந்தின நாள் பருவம் தப்பி ஒரு மழை. வழக்கம்போல டீச்சர் என்று முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். தலைவர் வரவு செலவு வாசித்து முடித்து, அடுத்து எந்த வேலையை முதலில் எடுப்பது என்று கேட்டார். புது வார்டு உறுப்பினர் எழுந்து, மெயின் ரோட்டில் சாக்கடைக்கு மூடி போட வேண்டும் என்றார். அதுவும் தேவைதான். பலர் தலையாட்டினார்கள். முடிந்தது என்று நினைத்தபோது பின்னால் சலசலப்பு.

அவள் வந்துகொண்டிருந்தாள். பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும். செருப்பெல்லாம் கையில். முழங்கால் வரை கரிசல். கழுவாமலே வந்திருந்தார்கள். வேண்டுமென்றேதான். கூடத்துத் தரையில் அவர்கள் நடந்து வந்த தடம் கறுப்பாக நீண்டது.

"தலைவரே, நான் மெம்பரு இல்ல. தோத்துட்டேன்" என்றாள். "ஆனா இந்தச் சபைக்கு நானும் உறுப்பினர்தானாம். இத யாராலயும் கலைக்க முடியாதாம். டீச்சர் சொல்லிருக்காவ. அதான் கேக்குதேன், எங்க தெருவுக்கு ரோடு முதல்ல வேணும்."

அன்றைக்குச் சேற்றை உரித்துக்கொண்டே அத்தனையையும் கேட்டிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் பாவனை செய்தேன்.

தலைவர் வத்தல் வீட்டு மருமகளைப் பார்த்தார். அந்தப் பெண் தரையில் கிடந்த சேற்றுத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊரே சொல்லட்டும்" என்றாள். தலைவர் எழுந்தார். "ரோடு முதல்லங்கிறவங்க கையத் தூக்குங்க."

பின்னால் கைகள் எழும்பின. நானும் தூக்கினேன். முன்வரிசை, அரசு ஊழியர், மூன்று வாரப் பாவம் எல்லாம் சேர்ந்து என் கை தோளுக்கு மேலே போகவில்லை. கடைசி பெஞ்சில் விரல் தூக்கும் குழந்தைபோல முழங்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊராட்சிச் செயலர் நோட்டோடு வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார். அவருடைய பார்வை என்னைத் தாண்டிப் போகப் பார்த்தது.

"ஏட்டி!"

கூடம் முழுக்கத் திரும்பியது. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய நல்லா வெளிய நீட்டித் தூக்கு. இதையும் உள்ள வச்சு ஒட்டிராத."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்து, கையை முழுக்க உயர்த்தினேன். செயலர் திரும்பி வந்து என்னையும் சேர்த்து எண்ணினார்.