ஸ்டியரிங்கில் ஓர் ஈர்க்குச்சி

நிகிலின் ரிமோட் கார் இடதுபக்கமாக இழுக்கத் தொடங்கியது நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது. துபாயிலிருந்து அவன் சித்தப்பா கொண்டுவந்த கார் அது. கடையில் தொங்கும் விளையாட்டுச் சாமானைப் போல அல்ல. நிஜக் காருக்கு உள்ளதெல்லாம் சிறிய அளவில் அதற்கும் இருந்தது. மட்டாஞ்சேரியில் எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருந்த பழைய மசாலா கிடங்கின் முற்றத்தில் நிகிலும் இன்னும் இரண்டு பையன்களும் ஞாயிறுதோறும் கார் ஓட்டினார்கள். பெண்பிள்ளை என்று என்னை மதிலோரம்தான் நிற்கவிடுவார்கள். ரிமோட்டைக் கையில் தரமாட்டார்கள்.

கார் கோணலாக ஓடி மதிலில் முட்டிய அன்று, என் பெரியம்மா மகன் காக்கநாட்டில் எஞ்சினியர், அவன் சரிசெய்துவிடுவான் என்று சொன்னேன். அண்ணன் காக்கநாட்டில் வேலைபார்த்தது உண்மை. ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக இருந்தான்.

என் அம்மா கார்ப்பரேஷனில் வேலை என்றும் சொல்லிவைத்திருந்தேன். அதுவும் உண்மைதான். எங்கள் பள்ளி இருக்கும் தெருவைத்தான் அவள் தினமும் காலையில் கூட்டினாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் அந்தத் தெருவை முடித்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருந்துதான் நான் பள்ளிக்குக் கிளம்புவேன்.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்து, கவிழ்த்துப்போட்டு, நானே திறந்தேன். முன்சக்கரங்களைத் திருப்புகிற மெல்லிய கம்பி ஒன்று அடியில் ஓடியது. அதைப் பிடித்திருந்த திருகு ஆடிக்கொண்டிருந்தது. அதுதான் நோய் என்று கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. காய் நறுக்கும் கத்தியின் முனையை வைத்து முறுக்கினேன். முறுக்க முறுக்கத் திருகு சுற்றிக்கொண்டே இருந்ததே தவிரப் பிடிக்கவில்லை. கடைசியில் கையோடு கழன்று வந்துவிட்டது. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து காரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஸ்க்ரூவுக்கு ஒண்ணும் ஆகலை. ஓட்டைதான் பெரிசாயிருச்சு. இதுக்குப் போயா கரையறே?"

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, பிளேடால் சீவி, அந்தத் துளைக்குள் செருகினாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கிவிட்டுத் திருகை மெல்ல முறுக்கினாள். அலமாரிக் கதவு கழன்றபோதும் இதைத்தான் செய்தாள். சக்கரத்தை அசைத்துப் பார்த்தேன். துளி ஆட்டம் இல்லை. நன்றி சொன்னதாக நினைவில்லை. யாருடைய கார் என்று அவள் கேட்டாள். ஸ்கூல் கார் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கார் நூல்பிடித்தாற்போல நேராக ஓடியது. நிகில் முதல்முறையாக ரிமோட்டை என் கையில் கொடுத்தான். "உன் சேட்டன் ஆளு கொள்ளாமே!" என்று என் அண்ணனை மெச்சினான். நான் இரண்டு சுற்று ஓட்டினேன். மூன்றாவது சுற்றில் கார் கல்லில் ஏறிக் குப்புற விழுந்தது. நிமிர்த்தினால் சக்கரம் மறுபடி ஆடியது.

நிகில் திருகைக் கழற்றினான். உள்ளேயிருந்து ஈர்க்குச்சித் துண்டு விழுந்தது.

"இதென்ன, விளக்குமாத்து ஈர்க்கிலோ?" என்று எடுத்துப் பார்த்தான். மற்ற இருவரும் சிரித்தார்கள். "காக்கநாட்டு எஞ்சினியர் விளக்குமாறு வச்சா வண்டி நன்னாக்குறது?"

அந்த நேரம் பார்த்து முற்றத்து வாசலில் குப்பை வண்டி வந்து நின்றது. நீண்ட கழி விளக்குமாற்றோடு, பச்சை மேல்சட்டை போட்டுக்கொண்டு, என் அம்மா. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேறு தெரு என்று நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே வந்தாள்.

"என்ன, மறுபடி ஆடுதா?" என்று தமிழில் கேட்டாள்.

நிகில் என்னைப் பார்த்தான். "இந்தச் சேச்சி உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"இல்லை" என்றேன். அது போதாதென்று, "தமிழ் பேசுறவங்க எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்களா?" என்றும் கேட்டேன்.

அம்மாவுக்கு அது கேட்டது. பிறகு என்னை விட்டுவிட்டு நிகிலிடம் திரும்பி, மலையாளத்தில், "இங்க தா மோனே, பாக்கட்டும்" என்று கைநீட்டினாள். கையிலிருந்த விளக்குமாற்றில் சுத்தமான ஈர்க்குச்சி ஒன்றைத் தேடி எடுத்து, பல்லால் கடித்துத் துண்டாக்கி, துளையில் செருகித் திருகை முறுக்கினாள். காரைத் தரையில் வைத்து ஓட்டச் சொன்னாள். நேராக ஓடியது.

"முன்னாடி இதைச் செஞ்சது யாரு?" என்று கேட்டாள்.

"இவளோட சேட்டன். எஞ்சினியர்."

"வேலை தெரிஞ்ச ஆளுதான். பிளாஸ்டிக்ல ஓட்டை விழுந்தா இதைவிட நல்ல வழி இல்லை" என்றாள். என் பக்கம் பார்க்காமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

பையன்கள் சிரிப்பை விட்டுவிட்டு மறுபடி ரிமோட்டைத் தந்தார்கள். நான் ஓட்டினேன். அன்று மத்தியானம்வரை ஓட்டினேன் என்பதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குப் பயந்துகொண்டே போனேன். அம்மா கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் தட்டில் வைத்தாள். எனக்குப் பிடித்த வால்துண்டை எப்போதும்போல என் பக்கம் தள்ளினாள். கோபமில்லை என்று முடிவுசெய்துகொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவோடு வேலைபார்க்கும் அக்கா ஒருத்தி சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத் தெரு இனிமேல் அவளுக்காம். அம்மா மீன் மார்க்கெட்டுக்குப் போகிறாளாம். சாயாவை ஆற்றிக்கொண்டே அந்த அக்கா வியந்தாள். "அந்த நாத்தத்துக்கு யாராச்சும் சூப்பர்வைசர் கால்ல விழுந்து கேட்டு வாங்குவாங்களா? உனக்குக் கிறுக்கா?"

"மழை வரப்போகுதில்ல. மார்க்கெட்டுல மேலே கூரை இருக்கு" என்றாள் அம்மா.

பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது நியாயமாகவே பட்டது. மழை பிடித்தால் எங்கள் ஊரில் லேசில் விடாது. கூரை இருப்பது நல்லதுதானே என்று நினைத்தேன். மறுநாள் காலையில் நேரத்தோடு கிளம்பி, நிகிலோடு பேசிச் சிரித்துக்கொண்டே, அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்குப் போனேன்.