பட்டம் கட்டாத தாய்மாமன்

எண்பதுகளில், எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம், பரமத்தி வேலூரில் ஒரு தேர்தல் கூட்டம். இனப்பெருமையும் பண்பாடும் பேசுகிற கட்சி. பேச்சாளர் வெள்ளை வேட்டியும் சந்தன வாசமுமாக மேடையேறினார். வாயைத் திறந்தார், சாக்கடை.

"சிலோன்ல இருந்து தொரத்திவுட்ட கரிச்சட்டிகளுக்கு நம்ம மண்ணுல என்னங்க வேலை? இந்த ஊர்லயே ஒரு வெத்தலைக் கொடிக்கால்ல, கரிச்சட்டி ஒருத்தனும் நம்மாளு ஒருத்தனும் புருசம் பொண்டாட்டியாட்டக் குடித்தனம் பண்றாங்களாம். அதுல சேலை கட்டறது யாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

'நம்மாளு' என் தாய்மாமன், அம்மாவின் ஒரே தம்பி. இன்னொருவர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, மாமாவோடு சேர்ந்து வெற்றிலை பயிர் செய்தவர். அவர்களுக்குள் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்து நான் என்ன செய்யப்போகிறேன்? கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் அப்பாவும் சிரித்தார். பக்கத்தில் அம்மாவின் பெரியப்பா மகன் கைதட்டினார்.

எங்கள் வழக்கத்தில் மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன்தான். மறுநாள் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "உன்ற தம்பி பந்தலுக்கு வர வேண்டாம். பட்டத்தை உன்ற பெரியப்பம் மகன் கட்டட்டும்." கொஞ்சமும் கூசாமல் அடுத்த பேச்சு: "தாம்பூலத்துக்கு வெத்தலை மட்டும் அவங்கிட்டயே சொல்லிப்போடு. அந்தக் கொடிக்கா வெத்தலையாட்ட வராது." கை ஆகாதாம், அந்தக் கை கிள்ளிய வெற்றிலை ஆகுமாம். தூ.

நான் கொடிக்காலுக்கே போனேன். "நீங்கதான் மாமா கட்டோணும்" என்றேன்.

மாமா வாய்க்காலில் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் வந்தா அவனும் வருவான் சாமி. அவனை ஊட்டுல உட்டுப்போட்டு வரமாட்டேன். ரெண்டு பேரும் வந்தா உங்கப்பா கல்யாணத்தையே நிறுத்திப்போடுவாரு." அந்த மனிதர் எங்கள் பக்கம் திரும்பாமல் கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

மாமா வரவில்லை. கூட்டத்தில் கைதட்டியவர்தான் பட்டம் கட்டினார். கொஞ்ச நேரத்தில் பந்தலே எழுந்து நின்றது. பேச்சாளர் வந்திருந்தார். அப்பா ஓடிப்போய் மணவறைக்கே அழைத்து வந்தார். "நம்ம பண்பாட்டுக் கல்யாணம்னா இதுதானுங்க" என்று சொல்லி, அவர் என் தலையில் அட்சதை போட்டார்.

கல்யாணப்பெண் தலை நிமிரக்கூடாது என்பார்கள். நான் நிமிர்ந்து, அத்தனை பேரும் பார்க்க, அந்த அரிசியைத் தலையிலிருந்து தட்டிவிட்டேன்.