பவுடர் கம்பெனி மாப்பிள்ளை

என் கணவருக்கு எங்கள் ஊரில் இன்றைக்கும் பெயர் பவுடர் கம்பெனி மாப்பிள்ளைதான். அந்தச் சொல்லைக் கேட்டால் என் மாமு இப்போது விழுந்து விழுந்து சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்த ஒரு சொல்லால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் வளைகுடாவுக்குப் போகாத மாப்பிள்ளையைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். டிரைவர், சூப்பர் மார்க்கெட் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அரியலூர் பக்கத்தில் இருப்பதால் சிமெண்ட் கம்பெனியும் எல்லோருக்கும் தெரியும். வளைகுடாவில் இவர் வேலை பார்த்த அலுமினா ஆலை என்பது மட்டும் என் மாமியார் வாயில் நுழையவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவர் பெருமையாகச் சொன்னார், "எம் மவன் பவுடர் கம்பெனில இருக்கான். மலை மாதிரி வெள்ளைப் பவுடர் எடுக்குறாங்க."

என் அம்மா அதை முகப்பவுடர் என்று நினைத்து, யார் யாருக்கு டின் கேட்கலாம் என்று மனதுக்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். மாமுவுக்கு வேறு பவுடர் ஞாபகம் வந்தது. மாமு என் அம்மாவின் அண்ணன், பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். செய்தித்தாளை வரி விடாமல் படிப்பதால் உலகத்துப் போதைக் கடத்தல் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. அவர் தலையாட்டாமல் என் அத்தா ஒரு ஜோடி செருப்புகூட வாங்க மாட்டார். வந்தவர்கள் கிளம்பியதும் மாமு, "அஸ்தஃபிருல்லாஹ், வெள்ளைப் பவுடரா? இந்த எடம் வேணாம்" என்று முடித்துவிட்டார்.

எனக்கோ போட்டோவிலேயே அவரைப் பிடித்துப்போயிருந்தது. முகமெல்லாம் சிவப்பு மண், பல் மட்டும் வெள்ளை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு யாரையும் கட்டிக்கொள்வதாக நான் இல்லை. பெரம்பலூர் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தவள் நான். அந்தச் சிவப்பையும் இந்த வெள்ளையையும் சேர்த்துப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மாமு முன்னால் ஒரே ஒரு தடவை அவரைப் பேசவிடுங்கள் என்று அத்தாவிடம் அடம்பிடித்தேன். அவர் லீவு முடிய எட்டு நாள்தான் இருந்தது.

வந்தார். என்ன வேலை என்று அத்தா கேட்டதற்கு, பயத்தில் இவரும் "பவுடர்தாங்க" என்று சொல்லி வைத்தார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் தலையில் அடித்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் அங்கிருந்தே கேட்டுவிட்டேன். "செவப்பு மண்ணைக் காஸ்டிக் சோடாவுல கரைச்சு எடுப்பாங்களே, அந்த அலுமினாதானே?"

அத்தா திடுக்கிட்டார். இவரோ பெரியவர்களை மறந்து, கதவைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிட்டார். தான் போனபோது அங்கே கடலும் மணலும் தவிர ஒன்றுமே இல்லையாம். முதலில் தூண் இறக்கினார்களாம், பிறகு மாடி மாடியாகத் தொட்டிகள் எழுந்தனவாம், அவற்றுக்கெல்லாம் குழாய் பொருத்தியதில் இவரும் ஒருவராம். அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து முதல் கப்பலில் சிவப்பு மண் வந்து இறங்கியது. ஒருநாள் காலையில் அது வெள்ளை வெளேரென்று வெளியே வந்தபோது, பல நாட்டு ஆட்களும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆடை கட்டிப்போனது.

"ஒரு பிடி கொண்டாரணும்னு ஆசைதாங்க. ஏர்போர்ட்ல புடிச்சிருந்தா இங்க வந்திருக்க முடியாது" என்றார்.

அத்தா சிரித்துவிட்டார். மாமு மட்டும் இறுக்கமாக, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்டார். இவருக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

"அலுமினியம் மாமு. ஒங்க கடையில தொங்குற குண்டான், அண்டா எல்லாம் அந்தப் பவுடர்லேருந்து வந்ததுதான்."

மாமு டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "அப்ப முப்பது வருஷமா நாந்தான் பவுடர் யாவாரியா?"

அன்றைக்கு எங்கள் வீடு சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

கல்யாணப் பிரியாணிக்கு மாமு தன் கடையிலிருந்தே புத்தம்புது அண்டாக்களை இறக்கினார். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த இவர் தம் போடும் இடத்துக்கே போய், ஒரு அண்டாவை விரலால் தட்டிப் பார்த்தார். மாமு பின்னால் வந்து அவர் தோளில் கை போட்டார்.

"பயப்படாதீங்க மாப்ள," என்றார். "நம்ம சரக்குதான்."