கெட்டிமேளத்தில் நின்றுபோன எக்ஸ்போர்ட்

வீடியோ எக்ஸ்போர்ட், அதாவது எடிட் பண்ணியதை ஒரே ஃபைலாக எழுதி எடுப்பது, நடுவில் நின்றுபோனால் நம் ஆட்கள் முதலில் கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள். அப்புறம் அதே பட்டனை மறுபடி அழுத்துவார்கள். மறுபடியும் நின்றால் மறுபடியும் திட்டு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: திட்டுவதை ஒத்திவையுங்கள். எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் சந்தோஷப்படுங்கள். அது ஒளிந்துகொள்ளத் தெரியாத கோளாறு.

லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ. முதலாளி மாரிமுத்து அண்ணன் கேமரா பிடிப்பார். நான் உட்கார்ந்து எடிட் பண்ணுவேன். பெரும்பாலும் கல்யாண வீடியோக்கள். கோயில் கல்யாணமும் வரும், எங்கள் சர்ச் கல்யாணமும் வரும். காலையில் எடுத்ததை அன்று மாலை விருந்திலேயே திரையில் போட்டுக்காட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டதால், அவசர வேலை எனக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் அண்ணனின் தம்பி மகள் கல்யாணத்தன்று பட்ட பாட்டை மட்டும் மறக்க முடியவில்லை.

தம்பி ராஜு அண்ணன் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஆனால் இங்கே கோயில் பக்கம் யாரைக் கேட்டாலும் தவில்காரர் ராஜு என்றுதான் சொல்வார்கள். லீவு நாட்களில் எத்தனையோ கல்யாணங்களுக்கு வாசித்திருக்கிறார். தன் மகள் கல்யாணத்துக்கு அவர்தான் கெட்டிமேளம் அடிப்பதாக இருந்தது. அதற்குள் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் காலை இருதய ஆபரேஷன் என்று முடிவாயிற்று. தள்ளிப்போடலாம் என்று மகள் அழுதாள். அவர் கேட்கவே இல்லை. அண்ணனைக் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“தாலி கட்டுறத எனக்குக் காட்டிரு. மேளம் நல்லாக் கேக்கணும். அதைக் கேட்டுட்டுத்தான் நான் உள்ள போவேன்.”

கல்யாணத்தன்று ஒரு உறவினர் ஃபோனில் நேரடியாகக் காட்டிப் பார்த்தார். சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் லைன் அறுந்துபோனது. ராஜு அண்ணன் பார்த்ததெல்லாம் எழுந்து நின்றவர்களின் முதுகுகள்தான். ஆக, எங்கள் வீடியோதான் ஒரே கதி. வார்டில் பார்வையாளர் நேரம் அன்றிரவு எட்டு மணியோடு முடிந்துவிடும்.

அண்ணன் கோயிலிலிருந்து பட்டு வேட்டியோடு நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். எப்போதும் ஃபோல்டர் போடுவது என் வேலை. அன்று சொந்த வீட்டுக் காரியம் என்று, கேமரா கார்டிலிருந்து எல்லாவற்றையும் அவரே டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். நான் அப்படியே திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

படம் அருமை. சத்தம்தான் கர்மம். மணமேடைக்குப் பக்கத்தில் ஒரு ராட்சச ஃபேன். அதன் இரைச்சலில் நாதஸ்வரம் எங்கோ தூரத்தில் கேட்டது. தாலி கட்டும் பகுதிக்கு மட்டும் இரைச்சலைக் குறைக்கும் பிளகின் ஒன்றைப் போட்டேன். டைம்லைனில், அதாவது எடிட் பண்ணும் திரையிலேயே, ஓட்டிப் பார்த்தால், ஆகா, தவில் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

எக்ஸ்போர்ட் போட்டேன். ஓடியது, ஓடியது, தாலி கட்டும் இடத்துக்கு வந்ததும் நின்றது. எரர். மறுபடி போட்டேன். அதே இடம்.

“என்னா லா இது! சரியா அந்த நேரத்துல நிக்குது?” என்றார் அண்ணன். முகம் வெளுத்துவிட்டது. “ஸ்டெல்லா, இது எதுக்கும் அறிகுறியா இருக்குமா?”

“அண்ணே, சும்மா இருங்க. இது சாஃப்ட்வேர். அறிகுறியெல்லாம் காட்டாது.”

சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் உள்ளே பயம்தான். வழக்கமான வைத்தியமெல்லாம் பார்த்தேன். கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பை அழித்தேன். டிரைவில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன், தாராளமாக இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பிறகு டைம்லைனைத் துண்டு துண்டாக எக்ஸ்போர்ட் பண்ணினேன். தாலித் துண்டு ஒன்றைத் தவிர எல்லாம் ஒழுங்காக வந்தன. அந்தத் துண்டில் பிளகினை எடுத்துவிட்டுப் போட்டேன். அதுவும் முழுதாக வந்துவிட்டது.

அப்படியானால் வீடியோவில் கோளாறில்லை, பிளகினில்தான். ஆனால் அதே பிளகின் முந்தைய வாரக் கல்யாணத்தில் ஒழுங்காக ஓடியிருக்கிறதே!

“அப்ப அது இல்லாமலே கொண்டுபோயிருவோமா?” என்றார் அண்ணன்.

“ஃபேன் சத்தத்தக் கேட்டுட்டா அவர் ஆபரேஷனுக்குப் போகணும்?”

அண்ணன் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரிடம் அப்படி எரிந்து விழுந்திருக்க வேண்டாம்.

கோளாறுகளைப் பதிந்துவைக்கும் பிளகினின் எரர் லாகைத் திறந்தேன். ஃபைலை எழுத முடியவில்லை என்று ஒரு வரி. ஃபைல் இருக்கும் பாதையில், ஃபோல்டர் பெயர் வரவேண்டிய இடத்தில், முதல் எழுத்துக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி. டிரைவைத் திறந்து ஃபோல்டர் பெயரைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அடித்த மகள் பெயருக்கு முன்னால் தமிழில் ‘உ’ என்று இருந்தது.

“அண்ணே, பிள்ளையார் சுழி போட்டீங்களா?”

“ஆமா. நல்ல காரியம், சுழி இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?”

கல்யாணப் பத்திரிகைக்கு மேலே போடுகிற உ. அண்ணன் அதை ஃபோல்டருக்கும் போட்டிருக்கிறார்! அந்த பிளகினுக்கு ஆங்கில எழுத்தைத் தவிர வேறு எதுவும் படிக்கத் தெரியாது. டைம்லைனில் ஓடும்போது தொந்தரவு இல்லை. எக்ஸ்போர்ட்டின்போது அந்த ஃபோல்டருக்குள் தற்காலிக ஃபைல் ஒன்றை எழுதப் பார்க்கும். அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பெயரை மாற்ற மவுஸை நகர்த்தினேன். அண்ணன் சட்டென்று என் கையைத் தடுத்தார்.

“அழிக்காத ஸ்டெல்லா. இன்னைக்கு வேணாம். அவன் அங்க படுத்துக் கெடக்கான்.”

வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அவர் என் கையை விடவே இல்லை. நானும் வண்டியை எடுக்கும்போது சிலுவை போட்டுக்கொள்கிறவள்தானே. சுழி போட்ட ஃபோல்டரைத் தொடாமல், பக்கத்தில் ஆங்கிலப் பெயரில் இன்னொரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதில் காப்பி எடுத்தேன். உ என்ற எழுத்தை வீடியோவின் முதல் ஃபிரேமில், மஞ்சள் நிறத்தில் பெரிதாக வைத்தேன். “இப்ப சுழியோட ஆரம்பிக்குது, சரியா?” என்றேன். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

எக்ஸ்போர்ட் தாலியைத் தாண்டிப் போனது. எங்களுக்கு மூச்சு வந்தது.

டாக்சி பிடித்து ஓடினோம். வார்டில் ராஜு அண்ணன் வாசலைப் பார்த்தபடியே படுத்திருந்தார். லேப்டாப்பை மடியில் வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். முதல் ஃபிரேமில் இருந்த சுழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாலி கட்டும் இடம் வந்தது. திரையில் மகள் குனிந்திருக்கிறாள், மாப்பிள்ளை கை முடிச்சுப் போடுகிறது. ராஜு அண்ணன் நெற்றியைச் சுருக்கினார்.

“மேளம் பிந்துதே மா.”

ஹெட்ஃபோனை வாங்கி என் காதில் மாட்டினேன். படமும் சத்தமும் விலகிவிட்டதா? அவசரத்தில் நான்தான் நகர்த்திவிட்டேனா? அங்கேயே ஒரிஜினல் கிளிப்பைத் திறந்து ஓட்டினேன். அய்யர் கையை உயர்த்துகிறார், முடிச்சு விழுகிறது, அதற்குப் பிறகுதான் மேளம் எழுகிறது. எடிட்டில் தப்பில்லை.

“அண்ணே, கோயில்லயே அப்படித்தான் அடிச்சிருக்காங்க.”

“அதானே பார்த்தேன்! அடிச்சவன் அய்யர் கையப் பாக்காம எங்கேயோ பராக்குப் பாத்துருக்கான்.” சிரித்தவர் அப்படியே அழுதுவிட்டார். “நான் அங்க இருந்திருக்கணும் மா. என் மக கல்யாணத்துல மேளம் பிந்திருச்சே.”

மாரிமுத்து அண்ணன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். “சின்ன மக கல்யாணம் இருக்குல்ல? எழுந்து வா, நீயே அடி.” நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை அந்தப் பகுதியையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள்.

ஆகவே தம்பி தங்கைகளே, ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் சாதாரண ஆங்கில எழுத்தில், எண்ணில் பெயர் வையுங்கள். கஸ்டமர் கொண்டுவரும் டிரைவையும் திறந்ததும் பெயரைத்தான் முதலில் பாருங்கள். சுழி போட ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் ஃபிரேமில் இடம் கொடுங்கள். எங்கள் ஸ்டூடியோவில் இன்றும் கேட்பவர்களுக்கு அப்படித்தான் போடுகிறேன். ஒரு வீடியோவுக்கு எதெல்லாம் முக்கியம் என்பதைச் சாஃப்ட்வேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

ஆபரேஷன் நடந்த அன்று இரவு சாப்பாட்டில் கை வைக்கும்போது அண்ணனிடமிருந்து ஃபோன். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

“ஸ்டெல்லா, கண்ணு முழிச்சிட்டான் லா! முழிச்சதும் பொண்டாட்டியக் கேக்கல, புள்ளைங்களக் கேக்கல. ‘நேத்து தவில் அடிச்சவன் யாரு, அவன இங்க வரச் சொல்லு’ங்கிறான்!”