அணைக்கரை வீட்டில் ஒரு வாரம்

என் அம்மா பிறந்த ஊர் மேட்டூர் அணைக்குள் கிடக்கிறது. அணை கட்டி முடிவதற்கு முன்பே ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது பத்து வயது. தட்டுமுட்டுச் சாமான்களோடு மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டதால் தண்ணீர் வந்ததை அவள் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் அவளுடைய அப்பாவை மாதாகோயிலுக்குப் பின்னால் அடக்கம் செய்திருந்தார்கள். வசதியுள்ளவர்கள் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைப் புது ஊருக்கு எடுத்துப் போனார்கள். அம்மா வீட்டில் அதைச் செய்ய ஆண்பிள்ளை இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் மழை பொய்த்தது. நாங்கள் சேலத்தில் இருந்தோம். அப்பா ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். நான் பள்ளியிறுதி எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். வெள்ளிக்கிழமை தோறும் அணைமீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி, சித்திரை மாதத்தில் கூடையை இறக்கி வைத்தபடியே சொன்னாள்.

“உங்கூர்க் கோயலு முழுசா வெளிய வந்திருச்சுங்கம்மா. நடந்தே போலாம். உள்ளார ஆட்டைக் கட்டிப் போட்டிருக்கறாங்க.”

அம்மா மீனை வாங்கினாள், கழுவினாள், குழம்பு வைத்தாள். அப்பா சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

“ஏனுங்க, ஒரு வாரம் அங்க போயி இருந்துட்டு வரலாமுங்களா?”

கையில் சோற்றோடு அப்பா நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அம்மா அவரிடம் இப்படி எதையும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். கோயில் தெரியும் கரையில் சத்திரமோ விடுதியோ கிடையாது. கொளத்தூருக்கு அப்பால், பாறையும் கருவேலமுள்ளுமாகக் காய்ந்து கிடக்கும் மேட்டில், மீன் குத்தகைக்காரர் ஒருவர் ஒரு ஓட்டுவீடு கட்டி வைத்திருப்பதாக மருந்துக்கடைக்கு வரும் லாரிக்காரர் சொன்னார். அப்பா சொல்லச் சொல்ல நான் குத்தகைக்காரருக்குக் கடிதம் எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. வைகாசி முதல் வாரம் வீடு காலியாக இருக்கும். கயிற்றுக்கட்டில் இரண்டு உண்டு. குடிதண்ணீர் மட்டும் எட்டத்திலிருந்து எடுத்துவர வேண்டும். காவலாளிடம் சாவி இருக்கும்.

பழைய நாட்காட்டியின் முதுகில் அப்பா பட்டியல் போட்டார். பம்பு அடுப்பு, அரிசி, கருவாடு, கொசுவலை, தேள் கொட்டினால் போட மருந்து. அயோத்தியாப்பட்டணத்தில் இருந்த சின்னம்மாவும் வருவதாகச் சொல்லி அனுப்பினாள். தம்பிகள் தூண்டில் முள் வாங்கித் தாளில் மடித்து வைத்துக்கொண்டார்கள். ஒரு மாலை அம்மா சமையல்கட்டுத் தரையில் கரித்துண்டால் ஊரை வரைந்து காட்டினாள். கோயில், சேந்துகிணறு, புளியமரம், அவர்கள் வீடு. கோயிலின் பின்சுவரை ஒட்டி ஒரு சின்னக் கட்டம் போட்டாள்.

“கல்லுல சிலுவை வெட்டியிருக்கும். தேய்ஞ்சிருந்தாலும் கையால தடவினாத் தெரியும்” என்றாள்.

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்னால் சின்னத்தம்பிக்கு அம்மை போட்டது.

வீட்டு வாசலில் வேப்பிலை செருகினோம். கிடைத்த லீவை அப்பா திருப்பிக் கொடுத்தார். வைகாசிக் கடைசிக்கு மாற்றித் தரும்படி நான் மறுபடி கடிதம் எழுதினேன். சின்னவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் பெரியவனுக்குப் போட்டது. இன்னொரு கடிதம். குத்தகைக்காரர் தன் மகளுக்குக் கல்யாணம், ஆனிப் பாதிவரை உறவுக்காரர்கள் தங்குவார்கள், அதற்குப் பிறகு வாருங்கள் என்று எழுதியிருந்தார். அதற்குள் எனக்குப் போட்டது.

மூன்று பேரில் எனக்குத்தான் கடுமை. உடம்பெல்லாம் கொப்புளம், கண் இமையில்கூட. வாழையிலையில் படுத்துக்கொண்டு நாள் எண்ணுவேன். கோயில் அங்கே வெயிலில் வெளியே நிற்கிறது; நான் இங்கே கிடந்து எல்லாரையும் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பதே நினைப்பு. ஒரு மத்தியானம் அழுதுவிட்டேன். அம்மா வேப்பங்கொழுந்தால் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“என்னாலதான் எல்லாம் போச்சும்மா.”

“நீ என்ன சாமி பண்ணுவே? வேணும்னா வர வெச்சுக்கிட்டே?” என்றாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மீன்காரி வந்தபோது மட்டும், அம்மை போட்ட வீட்டில் மீன் கூடாது என்று தெரிந்திருந்தும், வாசலுக்கு ஓடிப்போய் “தண்ணி எப்படி இருக்குது?” என்று கேட்டாள்.

“அப்படியேதாங்கம்மா இருக்குது. மேக்கால மழைன்னு சொல்லிக்கறாங்க.”

ஆனி பிற்பகுதியில்தான் கிளம்ப முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, அப்பா தம்பிகளுக்கு லீவு எழுதிக் கொடுத்தார். ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்துக் கொளத்தூர் தாண்டி இறங்கியபோது பின்மதியம். வெடித்துக் கிடந்த களிமண்ணும் கரும்பாறையும் தாண்டி, மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எதிரே பாலமலை மொட்டையாக நின்றது. மேட்டில் ஏறியதும் தண்ணீர் தெரிந்தது. பச்சையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். செம்மண் கரைத்த நிறத்தில் இருந்தது.

நடுவில் இரண்டு கோபுரங்கள் நின்றன. சுவர் இல்லை, கூரை இல்லை, வாசல் இல்லை.

காவலாள் சாவியோடு வந்தார். அறுபது வயதிருக்கும்.

“முந்தாநேத்து ராத்திரிதானுங்க வெள்ளம் வந்துச்சு. போன கெழமை வந்திருந்தீங்கன்னா உள்ளாரயே போயிருக்கலாமுங்க.”

அப்பா அம்மாவைப் பார்க்காமல் பூட்டைத் திறக்கப் போனார். பூட்டு துருப்பிடித்திருந்தது. திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார். கடைசியில் காவலாள்தான் வாங்கித் திறந்தார்.

மறுநாள் காலை அப்பா ஒரு பரிசல்காரரைக் கூட்டிவந்தார். காற்று அதிகம், கோபுரத்துக்கு ரொம்பக் கிட்டே போக முடியாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மா, சின்னம்மா, நான் மூவரும் ஏறினோம். நீரில் வேரோடு வந்த மரங்களும் வைக்கோலும் மிதந்தன. கோபுரங்களின் சாந்து உதிர்ந்து செங்கல் தெரிந்தது. ஒன்றின் மேல் நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது.

“பின்பக்கமாக் கொஞ்சம் சுத்துங்க” என்றாள் அம்மா.

பரிசல்காரர் துடுப்பைப் போட்டார். பரிசல் சுழன்றது; போகவில்லை. “முடியாதுங்கம்மா. இழுக்குதுங்க” என்றார். அம்மா கையை நீட்டி, தண்ணீரில் ஓரிடத்தைக் காட்டினாள். “அங்கதான், இல்லியா?” என்று தங்கையைக் கேட்டாள். சின்னம்மாவுக்கு ஊரைவிட்டு வந்தபோது நான்கு வயது. அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனாலும், “ஆமாங்க்கா, அங்கதான்” என்றாள். அம்மா அந்த இடத்தைப் பார்த்து, வாய்க்குள்ளேயே செபம் சொன்னாள். அதற்குள் பரிசல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எந்த இடம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாலைக்குள் தண்ணீர் இன்னும் ஏறியது. பெரிய தம்பி கரையில் ஒரு குச்சி நட்டு வைத்தான். சோறு தின்று திரும்புவதற்குள் அதைக் காணோம். அடுத்த நாள் தெற்குக் கோபுரத்தில் பாதி இல்லை. தம்பிகளுக்குக் கெண்டை மீன் கிடைத்துக்கொண்டே இருந்தது. அவர்கள் கூச்சலிட்டார்கள், அப்பா அதட்டினார். அம்மா, “உடுங்க, அவங்களாவது வெளையாடட்டும்” என்றாள்.

அதற்கும் மறுநாள் காலை அவள் அடுப்பு பற்றவைக்கவில்லை. கரைப்பாறையில் போய் உட்கார்ந்தாள். நாங்களும் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தோம். பத்து மணிவாக்கில் தெற்குக் கோபுரம் போயிற்று. மற்றதன் உச்சி மட்டும் ஒரு முழம் போல நின்றது. அலை வரும்போது மறையும், பிறகு தெரியும். தெரியும்போதெல்லாம் சின்னத்தம்பி, “இருக்கு, இருக்கு” என்று கத்தினான். ஒரு தடவை அவன் கத்தவில்லை.

யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பாதான் முதலில் பேசினார்.

“வைகாசியிலேயே உன்னையும் உன் தங்கச்சியையும் மட்டுமாவது அனுப்பியிருக்கணும். எனக்குத் தோணவே இல்ல.”

“புள்ளைங்களை அந்த நெலமையில உட்டுப்போட்டு நான் எப்படிங்க வருவேன்?” என்றாள் அம்மா. தண்ணீரைப் பார்த்தபடியே, “ஊரும் அன்னிக்கு இப்படித்தான் முங்கியிருக்கும்” என்றாள்.

இன்னும் நான்கு நாள் வீடு எங்களுக்கு இருந்தது. அப்பா காவலாளிடம், அடுத்த வைகாசிக்கும் எங்களுக்கே இதை ஒதுக்கி வைக்கும்படி எஜமானரிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

“சொல்றனுங்க. ஆனாத் தண்ணி எறங்கோணுமுல்லீங்க. அது யாரு கையில இருக்குது?”

அப்பா சரியென்று தலையாட்டிவிட்டு, கட்டிய கைகளை அவிழ்க்காமல் நின்றார். அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, தம்பிகள் பிடித்து வைத்திருந்த மீன்களை முறத்தில் அள்ளினாள். வெயில் ஏறிவிட்டது, மீன் கெட்டுப்போகும் என்று காவலாளின் அடுப்பிலிருந்து என்னைச் சாம்பல் எடுத்துவரச் சொன்னாள். இருவரும் கரையிலேயே உட்கார்ந்து ஆய்ந்தோம். அவள் கை வேலையில் இருந்தது. கண்ணீர் வழிந்த முகத்தைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. என் கையிலும் செதிள் அப்பியிருந்தது.