பெயர் கேட்டு எழுதியவள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தேன்மொழியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலத்தில் அவளுடைய கண்காட்சித் திறப்பு. புதுச்சேரியிலிருந்து எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று நச்சரிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "வரேன்டி, உயிர வாங்காத" என்றேன். மறுமுனையில் இருந்தது அவள் அண்ணன். "தேனு போயிடுச்சுங்க" என்றார்.

எங்கே என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, ஆட்டோவில், அண்ணன் தோளில் சாய்ந்தபடி முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்களாம். முப்பத்திரண்டு வயது. அவளோடு படித்தவர்களும் விருத்தாசலத்தில் அவளோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்காவது நம்ப முடிகிறதா?

நாங்கள் இருவரும் கலை வரலாறும் அருங்காட்சியகவியலும் சேர்ந்த முதுகலைப் படிப்பில் ஒன்றாகச் சேர்ந்தோம். முதல் வருடம் பிரான்சில், இரண்டாம் வருடம் ஜெர்மனியில். இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து பட்டம் தரும். வகுப்பில் பதினான்கு பேர். தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும். பள்ளியிலேயே பிரெஞ்சு படித்தவள் என்ற கர்வம் எனக்கு இருந்தது. தேன்மொழி ஒன்றரை வருடத்தில் பிரெஞ்சைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

முதல் வாரம், ஒரு தேவாலயச் சுவரோவியத்தைப் பற்றிப் பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே போனார். தேன்மொழி கையைத் தூக்கி, "எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்ல முடியுமா?" என்று உடைந்த பிரெஞ்சில் கேட்டாள். நான் தமிழில், மானத்தை வாங்காதே என்று முணுமுணுத்தேன். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "புரியாம தலையாட்டிட்டு உக்காந்திருக்கறதுதான் மானமா?" அன்று மதியம் அந்த நாட்டு மாணவர்களே இரண்டு பேர் வந்து அவளுக்கு நன்றி சொன்னார்கள். அவர்களுக்கும் புரியவில்லையாம்.

அடுத்த வருடம் ஜெர்மனியில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் சேமிப்பு அறையில் பயிற்சி. பழைய அட்டைகளில் உள்ள விவரங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். உள்ளங்கை அளவு மண் குதிரை ஒன்று தேன்மொழியிடம் வந்தது. நம் பக்கத்திலிருந்து போனது. அட்டையில், 'செய்தவர்: தெரியாது' என்றிருந்தது. அவள் அதை அப்படியே ஏற்றாமல், 'செய்தவர் பெயரை, வாங்கிச் சென்றவர் கேட்டு எழுதவில்லை' என்று ஏற்றிவிட்டாள்.

மேற்பார்வையாளர் அம்மையார் கூப்பிட்டார். இது குற்றம் சாட்டுவது போல இருக்கிறது, மாற்றாவிட்டால் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போட முடியாது என்றார். சான்றிதழ் இல்லாமல் பட்டம் இல்லை. பக்கத்து மேசையில் இருந்த என்னிடம், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். வழக்கமான வாசகமே போதும் என்று சொல்லிவிட்டேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது பொய். என் சான்றிதழ்தான் என் மனதில் இருந்தது.

பதினோரு நாள் அவள் என்னோடு பேசவில்லை. வாசகத்தை மாற்றவும் இல்லை. குதிரையை வாங்கிச் சென்றவரின் நாட்குறிப்பு அந்த அறையிலேயே இருந்தது. அதைத் தேடியெடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்து, இரண்டு பக்கக் கடிதம் எழுதினாள். அந்தக் கிராமத்தில் அவர் என்ன சாப்பிட்டார் என்பது நாட்குறிப்பில் இருந்தது. அவருடைய நாயின் பெயர் இருந்தது. குதிரை செய்தவரின் பெயர் மட்டும் இல்லை. மேற்பார்வையாளர் படித்துவிட்டு, சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். தேன்மொழியின் வாசகம் இன்றும் அந்தப் பதிவில் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் இரண்டு கோப்பைத் தேநீரோடு என் அறைக்கு வந்தாள். "எங்கம்மா பொம்ம கம்பெனியில இருபது வருசமா அச்சுலருந்து எடுத்த பொம்மயில பிசிறு சுரண்டுது. அது தொட்ட பொம்ம எத்தினி வூட்ல இருக்குது. யாருக்காவது அதோட பேரு தெரியுமா? அதான்டி கோவம் வந்துச்சு" என்றாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஊர் திரும்பியதும் அவள் செய்த வேலை உங்களுக்குத் தெரியும். பீங்கான் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, ஜாடியும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் அச்சு ஊற்றியவர், சுரண்டியவர், சூளையில் அடுக்கியவர் எல்லோருடைய பெயரையும் கேட்டு எழுதினாள்.

கண்காட்சியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அவள் அண்ணன் சொன்னதால் அந்த ஞாயிற்றுக்கிழமையே திறந்தார்கள். பட்டறைக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். தங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, சத்தமாகச் சிரிக்கவும் முடியாமல் நின்றார்கள். அவள் அம்மா வரவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனேன். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"அங்க என்னா படிக்கறன்னு கேட்டா, பழைய பொருளப் பாத்துக்கற படிப்பும்மான்னு சிரிப்பா. அவ்ளோதான் எனக்குத் தெரியும். நீ கூடவே இருந்தவதான, சொல்லும்மா."

சொன்னேன். சேமிப்பு அறையில் நான் சொன்ன வார்த்தையையும் மறைக்காமல் சொன்னேன். அவர், "அப்புறம் பேசிக்கினீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். பேசினோம் என்றேன்.

தேன்மொழியின் பொருள் எதையும் நான் கேட்டு வாங்கி வரவில்லை. அவள் அம்மாவுக்குத் தெரியாத இரண்டு வருடத் தேன்மொழி என்னிடம் இருக்கிறாள். அதில் சேமிப்பு அறைக் கதையைத் தவிர்த்தால், முதல் குளிர்காலம் வரைக்கும்தான் இதுவரை அவரிடம் சொல்லி முடித்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன்.